ஓடும் வண்டி இடையில் நிற்பதேன்?

பொறி என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். இயந்திரம் பொறி எனப்படும். நெருப்பின் சிறு துகளும் பொறி எனப்படும். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறிகள் என்றே வழங்கும். இம்மூவகைப் பொறிகளும் ஒருங்கே வந்து கூடும் இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் மோட்டார் சைக்கிள் ஒன்று இடைவழியில் நின்றுவிடுகிறது. இயந்திரமாகிய பொறி ஏன் நின்றது? தீப்பொறி எழாமையாலா, வேறொரு குறையாலா? இதனை அறிவதற்குத் துணையாவன நம் ஐம்பொறிகளே. அவற்றைக் கொண்டு ஆராயும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மாணவர்களே! வண்டி நிற்பது சிறு தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். காரணம் அறியாமல் ஏதோ ஓர் உறுப்பை மாற்றிவிட்டு, 'பழுது தீர்ந்தது' என்று நம்பிப் புறப்படுகிறான் ஒருவன். முன்செல்லும் லாரியைக் கடக்கும் வேளையில் அவன் வண்டி மீண்டும் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பணம் வீணானதோடு அமையாது. உயிருக்கே இடர் நேரும். ஆதலின், பழுதின் காரணத்தைத் தெளிவாக அறிவது பொருளைக் காப்பதற்கு மட்டுமன்று, உயிரைக் காப்பதற்கும் உரிய கல்வியாகும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கு 18 வயது நிரம்பி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். எனினும், அதன் இயல்பை அறிவதற்கு வயது தடையன்று.

ஓட்டும்போது பொறி நின்றால் முதலில் செய்ய வேண்டியது ஆராய்ச்சி அன்று. கிளட்ச் பிடியை அழுத்திச் சக்கரத்தைத் தடையின்றி உருளவிட வேண்டும். பின்வருவோர்க்கு விளக்கால் குறிப்புக் காட்டி, இடப்புறமாக ஒதுங்கி, சாலையை விட்டு முற்றிலும் விலகி நிற்க வேண்டும். சாலை நடுவில் நின்று குனிந்து பார்ப்பது பேதைமை. பாதுகாப்பான இடத்தை அடைந்த பின்னரே 'ஏன் நின்றது?' என்னும் வினாவை எழுப்புதல் தகும்.

இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், ஓடும் பொறி எதனால் ஓடுகிறது என்பதை முன்னர் அறிதல் வேண்டும். ஜெர்மனி நாட்டு நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் நான்கு வீச்சு எஞ்சினை 1876ஆம் ஆண்டில் இயங்கச் செய்து காட்டினார். அந்நாட்டைச் சேர்ந்த டைம்லர், மேபாக் என்னும் இருவரும் 1885ஆம் ஆண்டில் பெட்ரோலால் இயங்கும் சிறு எஞ்சினை மரச்சட்டத்தில் அமைத்து இருசக்கர வண்டி ஒன்றை ஓட்டினர். இன்று நம் சாலைகளில் பெட்ரோலால் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் அதன் வழித்தோன்றல்களே.

நமக்கு நன்கு அறிமுகமான புல்லட் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி, 1955ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் ஆலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் எழுந்தது. அங்கே உருவான பழைய புல்லட்டின் உருளை ஒன்றே. அதன் உட்குறுக்களவு 70 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். உறுப்புகள் யாவும் கண்ணுக்குப் புலப்படுமாறு அமைந்திருத்தலின், பொறியின் இயல்பைக் கற்பதற்கு அது மிகவும் ஏற்றது.

பிஸ்டன் முதல் வீச்சில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. இரண்டாம் வீச்சில் அதனை அழுத்துகிறது. அவ்வழுத்தம் முடியும் தறுவாயில் தீப்பொறி எழுந்து கலவை எரிய, மூன்றாம் வீச்சில் பிஸ்டன் ஆற்றலோடு கீழே தள்ளப்படுகிறது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகிறது. இவற்றை நோக்கின், பொறி ஓடுவதற்கு மூன்று தேவைகள் உண்டு என்பது விளங்கும். தக்க அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும் ஒன்று. உரிய நேரத்தில் எழும் தீப்பொறி மற்றொன்று. கலவையை நன்கு அழுத்தும் வலிமை பிறிதொன்று. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும்.

பொறி நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சுகளுக்கு இரண்டு சுற்றுகள் ஆதலால், நிமிடத்தில் 1500 முறையும் நொடியில் 25 முறையும் கலவை எரிதல் வேண்டும். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் இத்தொழில் பலமுறை நிகழ்ந்து முடிகிறது. மூன்று தேவைகளுள் ஒன்று சில நொடிகள் குறைந்தாலும் பொறி நின்றுவிடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னது எனத் தெளிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகிறது. இந்நெறி வண்டிக்கும் பொருந்தும். நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதிவிடுவதில்லை, 'எப்போது தொடங்கிற்று? எவ்வாறு தொடங்கிற்று?' என்று வினவுகிறார். நாமும் வண்டியைப் பார்த்து அவ்வாறே வினவ வேண்டும். விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று நின்றதா? இருமித் தடுமாறிப் பின்னர் நின்றதா? குளிர்ந்த நிலையில் நின்றதா, சூடேறிய பின் நின்றதா? மேடு ஏறும்போதா, வளைவில் திரும்பும்போதா, மழையில் நனைந்த பிறகா? நின்ற விதமே காரணத்தை நோக்கிச் சுட்டும் முதல் விரலாகும்.

யாதொரு முன்னறிவிப்பும் இன்றிச் சட்டென்று நின்றதாயின், பெரும்பாலும் மின்சாரத்தின் குறை எனக் கொள்ளலாம். மின்சாரம் அறுந்த அக்கணமே தீப்பொறியும் அறுதலே இதற்குக் காரணம். முதலில் கைப்பிடியில் உள்ள நிறுத்தும் சுவிட்சைப் பார்க்க வேண்டும். அறியாமல் கைபட்டு அது மாறியிருத்தல் கூடும். அடுத்து, ஒலிப்பானை அழுத்திப் பார்க்கலாம். ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால், பேட்டரியின் முனை தளர்ந்திருக்கலாம், ஃபியூஸ் எரிந்திருக்கலாம், சாவி சுவிட்சு பழுதாகியிருக்கலாம். ஒலிப்பான் நன்றாக ஒலித்தால், குறை தீப்பொறிக்குச் செல்லும் மின்வழியில் மட்டும் இருத்தல் கூடும்.

வளைவில் திரும்பும்போதெல்லாம் வண்டி நிற்பதாயின், கைப்பிடியின் கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து நைந்த கம்பியை ஐயுற வேண்டும். இதனைச் சோதிப்பது எளிது. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கியரை விடுவித்து, பொறியை மெதுவாக ஓடவிட்டுக் கைப்பிடியை இருபுறமும் பையத் திருப்புக. ஒரு குறிப்பிட்ட நிலையில் பொறி நின்றால் கள்வன் அகப்பட்டான் எனலாம். மூடிய அறையில் இதனைச் செய்தல் ஆகாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் கவரும் நச்சுக் காற்று.

இனி, இருமித் தடுமாறி, வேகம் குன்றி, பின்னர் நிற்கும் வண்டியைக் காண்போம். இது பெரும்பாலும் பெட்ரோல் வாராமையின் அறிகுறி. கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் எப்போதும் சிறிது பெட்ரோல் தேங்கியிருக்கும். மேலிருந்து வரும் வழி அடைபட்டாலும், அத்தேக்கம் தீரும்வரை பொறி ஓடும். தீரத் தீரத் தடுமாறும். டேங்கில் பெட்ரோல் உண்டா, அதன் குழாய் திறந்துள்ளதா, ரிசர்வ் நிலைக்குத் திருப்ப வேண்டுமா என்று முதலில் காண்க. எளியதை விடுத்து அரியதைத் தேடுவோர் பலர்.

பெட்ரோல் இருந்தும் இறங்கவில்லை என்றால், குழாயின் வடிகட்டியில் துரு அடைந்திருக்கலாம். கார்புரேட்டரின் நுண்துளையில் தூசி சிக்கியிருக்கலாம். நீர் கலந்திருக்கவும் கூடும். பெட்ரோலினும் நீர் கனமானது. ஆதலின் அடியில் தங்கும். பொறி ஆறிய பின், கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால், அடியில் முத்துப்போல் திரண்ட நீரைக் காணலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் ஒருங்கே பிரிந்து அடியில் தங்கிவிடும்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனால் கடைக்காரர் எதிர்ப்புறத்தில் மற்றொரு துளை இடுகிறார். எண்ணெய் வெளியேறும் இடத்தை நிரப்புவதற்குக் காற்று உட்புக வேண்டும் அன்றோ? பெட்ரோல் டேங்கின் மூடியிலும் இதன்பொருட்டே ஒரு நுண்ணிய காற்றுவழி உண்டு. அது அழுக்கால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் மிகும். இறுதியில் பெட்ரோல் இறங்காது நிற்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். இருவர் வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒருவன் வண்டி அரை மணி நேரம் ஓடியபின் நிற்கிறது. அவன் புளியமரத்து நிழலில் கால் மணி நேரம் இளைப்பாறி, தேநீர் பருகிவிட்டு உதைத்தால் மீண்டும் ஓடுகிறது. மற்றவன் வண்டியும் அவ்வாறே நின்று அவ்வாறே ஓடுகிறது. இருவர்க்கும் ஒரே நோய் என்று சொல்லிவிடலாமா? கூடாது. முதல்வன் வண்டியில் டேங்கின் மூடி அடைபட்டுள்ளது. இளைப்பாறும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புகுந்ததால் பெட்ரோல் இறங்கிற்று. இரண்டாமவன் வண்டியில் தீப்பொறிக்குரிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் காயில் பழுதுற்றது. அதனுள் சுற்றிய கம்பியின் காப்பு குளிர்ந்தபோது தாங்குகிறது, சூடேறினால் கைவிடுகிறது, ஆறியதும் மீண்டும் தாங்குகிறது. நோய் இரண்டு, அறிகுறியோ ஏறத்தாழ ஒன்று.

இவற்றை வேறுபடுத்திக் காட்டுவது ஒரு சிறு சோதனை. வண்டி நின்றவுடன், காலம் தாழ்த்தாமல் டேங்கின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உட்புகும் ஓசை கேட்டு, சிறிது நேரத்தில் பெட்ரோல் இறங்கிப் பொறி ஓடத் தொடங்கினால், மூடியே குற்றவாளி. ஓசையும் இல்லை, பொறியும் எழவில்லை என்றால், தீப்பொறியின் பக்கம் திரும்புக. சூடாக இருக்கும்போது தீப்பொறி எழாமல், ஆறியபின் எழுமாயின், காயில் அல்லது கண்டென்சர் ஐயத்திற்கு உரியது. திறந்த டேங்கின் அருகே நெருப்பு எவ்வகையாலும் வருதல் கூடாது என்பதை மறவற்க.

இதில் அடங்கிய பாடம் யாது? சான்று நெடுநேரம் நில்லாது. கால் மணி நேரம் கழிந்தால் டேங்கில் காற்றும் நிறைந்துவிடும், காயிலும் ஆறிவிடும். அப்போது பழுதுபார்க்கும் நிலையத்திற்குக் கொண்டு சென்றால், எத்துணைத் தேர்ந்த மெக்கானிக்கும் 'வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது!' என்றுதான் சொல்வார். நின்ற முதல் சில நிமிடங்களில் ஓட்டியவன் கண்டதும் கேட்டதும் முகர்ந்ததுமே பின்னர் மெக்கானிக்குக் கைவிளக்காகும். அவற்றை உள்ளவாறே எடுத்துரைப்பது ஓட்டியவன் கடமை.

பொய் சொல்லாத சாட்சி ஒன்றும் வண்டியில் உண்டு. அதுதான் ஸ்பார்க் பிளக். பொறியை எழுப்பச் சிலமுறை முயன்ற பின் அதனைக் கழற்றிப் பார்த்தால், அதன் முனை உண்மையை உரைக்கும். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று ஐயுறலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வந்தும் எரியவில்லை என்பது கருத்து. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்தது எனலாம். காற்று வடிகட்டி அடைபட்டாலும் இந்நிலை நேரும். வெளுத்திருந்தால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கலாம். இளம்பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம்.

பிளக்கில் தீப்பொறி எழுகிறதா என்று காண்பதற்கும் முறை உண்டு. எனினும், அதன் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். உருளையின் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியும் எளிதில் தீப்பற்றும். ஆதலின் இச்சோதனையைப் பழகிய மெக்கானிக்கே செய்தல் வேண்டும். மாணவர்கள் விலகி நின்று காணலாம். பழைய புல்லட்டில் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை எழுப்பும் பாயிண்ட் என்னும் உறுப்பின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் அளவே. அதில் படியும் சிறு கரியும் வண்டியை நிறுத்த வல்லது. மழையில் நிற்கும் வண்டியாயின், பிளக்கின் மூடியில் புகுந்த நீரைத் துடைத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

மூன்றாவது தேவையாகிய அழுத்தம் குறைவதும் உண்டு. வால்வின் இடைவெளி மிகவும் குறைந்திருந்தால், சூட்டினால் உறுப்புகள் நீளும்போது வால்வு முற்றும் மூடாது, அழுத்தம் கசியும். உதைக்கும் காலுக்கு வழக்கமான எதிர்ப்புத் தோன்றாமை இதன் அறிகுறி. இவற்றினும் கொடியது எண்ணெய் வற்றுவதால் நேர்வது. உராய்வினால் சூடு மிகுந்து, பிஸ்டன் விரிந்து உருளையில் இறுகிக்கொள்ளும்; பின்சக்கரம் ஓடும்போதே பற்றிக்கொள்ளும். அவ்வேளையில் கிளட்சை உடனே அழுத்தாவிடின் வண்டி சறுக்கி வீழும். அதன்பின் பொறியை மீண்டும் எழுப்ப முயலாமல் மெக்கானிக்கை நாடுவதே நலம்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பி.எஸ். 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் நீங்கிற்று. மின்னணுக் கருவி ஆணையிட, பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு வந்தது. சாவியைத் திருப்பியவுடன் பெட்ரோல் பம்பு சில நொடிகள் முனகும். அவ்வோசை கேளாவிடின் ஐயம் பம்பின்மேல் செல்லும். பழுதை அறிவிக்கும் விளக்கு ஒன்றும் முகப்பில் உண்டு. பல வண்டிகளில் பக்கத் தாங்கி முற்றும் மடங்காவிடினும் பொறி நின்றுவிடும். வண்டி சாய்ந்து வீழ்ந்தாலும் தானே நிற்கும். கருவிகள் மாறின, ஆயினும் கலவை, தீப்பொறி, அழுத்தம் என்னும் மூன்று தேவைகள் மாறவில்லை. ஆதலால் ஆராயும் முறையும் மாறவில்லை.

பழுது நீக்குவோர் மறவாது கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். பிளக்கையும் காயிலையும் கார்புரேட்டரையும் ஒரே நாளில் மாற்றியவனுக்கு வண்டி ஓடக்கூடும். ஆனால் எதனால் ஓடிற்று என்பது தெரியாது. அடுத்த முறை நின்றால் மீண்டும் மூன்றையும் வாங்க வேண்டியதுதான். ஒன்றை மாற்றி, முன்பு நின்ற அதே தொலைவுக்கு, அதே சூட்டில் ஓட்டிப் பார்த்த பின்னரே 'நோய் தீர்ந்தது' என்று உரைத்தல் தகும். நிலையத்தின் வாயிலில் இரண்டு நிமிடம் ஓடுவது சான்றாகாது. அரை மணி நேரம் ஓடியபின் நின்ற வண்டியை அரை மணி நேரத்திற்கு மேலாக ஓட்டியே சோதித்தல் வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் நாளை மெக்கானிக்காகலாம், மருத்துவராகலாம், ஆசிரியராகலாம். எத்தொழிலைக் கொண்டாலும், இயங்கிக்கொண்டிருந்த ஒன்று இடையில் நிற்கும் நாள் வரும். அன்று பதறிக் கையில் அகப்பட்டதை எல்லாம் திருகாதீர்கள். எவ்வாறு நின்றது என்று முதலில் கேளுங்கள். எளியதை முன்னும் அரியதைப் பின்னும் சோதியுங்கள். கண்டதை மட்டும் நம்புங்கள். கண்டறிந்தபின் கையில் எடுக்கும் திருப்புளி ஒன்றே போதும். அறியாமல் எடுத்தால் ஆயிரம் கருவிகளும் பயன் தாரா.